ஆறு அங்குலத்துக்குக் குறையாத வால்

எலி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். தெரியாது. எலி ஒழிப்புத் துறையின் நான்காம் விதியைப் படித்தவர்களுக்குத்தான் அது தெரியும். "எலி என்பது ஆறு அங்குலத்துக்குக் குறையாத வாலும், பொருள்களைக் கடித்துச் சேதப்படுத்தும் வழக்கமும் உடைய நாலு கால் பிராணியாகும்." இதில் ஒன்று குறைந்தாலும் அது எலி இல்லை. அப்படியானால் அது என்ன என்று கேட்டால், அந்தக் கேள்வி எங்கள் துறையைச் சேர்ந்ததில்லை.

மேற்படி துறையில் நான் பதினெட்டு வருஷமாக வால் அளவர். தினமும் காலை பத்து மணிக்கு, எலி பிடிக்கிறவர்கள் வெட்டிக் கொண்டுவரும் வால்களைத் தகர டப்பாவிலிருந்து எடுத்து, பித்தளை அளவுகோல் பதித்த பலகையில் நீட்டி வைத்து, அளந்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. கேட்பதற்குச் சின்ன வேலை மாதிரி இருக்கும். செய்து பார்த்தால் தெரியும். பதினெட்டு வருஷத்தில் என் அளவில் ஒரு நூல் பிசகு என்று எவரும் வாய் திறந்ததில்லை.

ஆறு அங்குல விதி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆதியில் எந்த நீள வாலும் செல்லும் என்றிருந்தது. எவனோ ஒரு கெட்டிக்காரன் ஒரு வாலை இரண்டாக நறுக்கி இரண்டு எலி என்று காட்டினான். அவனைப் பார்த்து மற்றவன் மூன்றாக நறுக்கினான். அந்த வருஷக் கணக்குப்படி ஊரில் தலைக்கு நாற்பது எலி செத்திருந்தது. ஒரு குழு அமைக்கப்பட்டு, அது பதினோரு மாதம் ஆழ்ந்து ஆராய்ந்து, வால் ஆறு அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஒன்றை இரண்டாக்க வேண்டுமானால் பன்னிரண்டு அங்குல வால் வேண்டும், அந்த மாதிரி எலி உலகத்திலேயே கிடையாது. அந்த விதியில் ஓட்டை கண்டுபிடிக்க முடியுமா என்று நானும் பல தடவை முயன்று தோற்றிருக்கிறேன்.

குறைந்த நீள வாலைக் கொண்டுவந்தால் "ஏமாற்ற முயன்றதாகக் கருதி ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது" என்று குறிப்பாணை போகும். அதனால் எலி பிடிக்கிறவர்கள் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். காலையில் பொறியைப் பார்ப்பார்கள். நீள வால் என்றால் கதை முடிந்தது. குட்டை வால் என்றால் கதவைத் திறந்து விட்டுவிடுவார்கள். அவர்களில் மூத்தவரான பொறிக்காரர் இளகிய மனசுக்காரர். "சின்னப் பிள்ளை. போயி வளர்ந்துட்டு வாப்பா" என்று சொல்லித்தான் அனுப்புவார். அந்தச் சின்னப் பிள்ளைக்கு வீட்டில் பன்னிரண்டு குட்டிகள் இருக்கக்கூடும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. வால் குட்டை என்றால் வயசு குறைவு என்பது துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நாளைக்கு ஐந்நூறு வால் வரும். எட்டு அங்குலம், ஏழே முக்கால் என்று ஒவ்வொன்றும் பார்க்க லட்சணமாக இருக்கும். பத்து வருஷம் போனபின் நூறு வந்தது, எல்லாம் ஆறே கால், ஆறே அரைக்கால். பிறகு ஒரு நாளைக்கு ஏழெட்டு. போன வருஷம் கடைசி நாலு மாதம் தகர டப்பா காலியாகவே வந்தது. அதையும் முறைப்படி திறந்து பார்த்து, "வால் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் எலி ஒழிந்தது என்று அறிவித்தார். சும்மா அறிவித்தால் போதுமா? இப்போதெல்லாம் எதைச் செய்தாலும் அதற்கு ஒரு சின்னம், ஒரு முழக்கம், ஒரு வாரவிழா வேண்டும். எலிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட சின்னம் வந்தது. வெளியூர்த் துறைகளிலிருந்து அதிகாரிகள் எங்கள் எலியின்மையைப் பார்வையிட வந்தார்கள். இல்லாததைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும் என்று நான் நினைத்தேன். அவர்களுக்கு மூன்று நாள் ஆயிற்று. கடைசியில், மேலிடத்திலிருந்து இயக்குநருக்குப் பதக்கம் என்று உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமை விழா.

இதற்கிடையில் பொதுமக்கள் புகார் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். புகார்ப் படிவத்தில் மூன்றாவது கட்டம், "பிராணியின் வால் நீளம்". பாதிப் பேர் "ஓடிவிட்டது, அளக்க முடியவில்லை" என்று எழுதினார்கள். அவை முழுமையற்றவை என்று திருப்பி அனுப்பப்பட்டன. மீதிப் பேர் சிரமப்பட்டு அளந்து "நாலு அங்குலம்" என்று எழுதினார்கள். அவை எலி சம்பந்தமில்லாதவை என்று திருப்பி அனுப்பப்பட்டன. நாளடைவில் ஜனங்கள் பண்டங்களைத் தகர டின்னில் போட்டு மூடிவைக்கப் பழகிக்கொண்டு, புகார் எழுதுவதை விட்டுவிட்டார்கள். புகார் இல்லாததும் எலி இல்லாததற்கு ஒரு சான்றாக ஆண்டறிக்கையில் சேர்க்கப்பட்டது.

என் மனைவிதான் எழுதினாள்.

அவள் மாவு மில் வைத்திருக்கிறாள். இரண்டு அரவை இயந்திரம், வேலைக்கு நாலு பெண்கள், பன்னிரண்டு வருஷ உழைப்பு. மில்லில் அடுக்கிய கோதுமை மூட்டைகளின் மூலைகள் எல்லாம் கடிபட்டு, இயந்திரத்தின் பெல்ட்டே ஒரு தடவை அறுந்துபோயிற்று. அந்த மாதம் சுகாதார ஆய்வாளர் வந்தார். மூட்டைக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். புழுக்கை. எலி நடமாட்டம் உள்ள மில்லுக்குச் சீல் வைக்க வேண்டும் என்பது அவருடைய விதி. வியாழக்கிழமை வரைக்கும் தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் உடனே எங்கள் துறைக்கு மனு கொடுத்தாள். மூன்றாவது கட்டத்தில் "நீங்களே வந்து அளந்துகொள்ளவும்" என்று எழுதியிருந்தாள். வால் சம்பந்தப்பட்டது என்பதால் மனு என் மேஜைக்கு வந்தது. நான் என்ன செய்ய? "அம்மையீர், தங்கள் மனு கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது. ஊரில் எலி இல்லை என்பது தங்களுக்கு இதன்மூலம் அன்புடன் தெரிவிக்கப்படுகிறது" என்று பதில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். மறுநாள் எங்கள் துறைக்கு விடுமுறை. காலையில் தபால்காரர் வந்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்ததால் நானே கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே படித்தாள்.

"என்னங்க, இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"முந்தாநாள் மில்லுல உங்க கால் மேல ஏறி ஓடுச்சே, நீங்ககூட மூட்டை மேல ஏறி நின்னீங்களே, அது என்ன?"

"அது ஆபீஸ் நேரத்துக்கு அப்புறம்" என்றேன்.

அவள் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். நேரே தன் அண்ணனுக்குப் போன் செய்தாள். அவள் அண்ணன், அதாவது என் மச்சான், பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். வந்தார். மில்லில் ஆறு பொறி வைத்தார். மறுநாள் ஆறிலும் விழுந்திருந்தது. எடை போட்டார், பல்லைப் பார்த்தார், ஒன்றின் வயிற்றைத் தடவிப் பார்த்து இது பிள்ளைத்தாய்ச்சி என்றார். ஆறும் முழுசாய் வளர்ந்தவை. ஒன்றுக்கும் வால் நாலரை அங்குலத்தைத் தாண்டவில்லை. அன்று மத்தியானமே அலுவலகத்துக்கு வந்து, பார்வையாளர் நேரத்தில் உட்கார்ந்து என் பதினெட்டுப் பதிவேடுகளையும் வரிசையாகப் புரட்டினார். பன்னிரண்டாவது பதிவேட்டில் சிரிக்க ஆரம்பித்தவர் கடைசிப் பதிவேடு வரை நிறுத்தவில்லை.

"மாப்பிள்ளை, நீங்க எலியை ஒழிக்கல. வளர்த்திருக்கீங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என்ன சொல்கிறீர்கள் என்றேன்.

"ஒரே தாய்க்குப் பொறந்த குட்டிங்ககூட ஒரே மாதிரி இருக்காது. ஒண்ணுக்கு வால் கொஞ்சம் நீளம், ஒண்ணுக்குக் கொஞ்சம் குட்டை. நீளத்தைப் பூரா நீங்க கொன்னீங்க. குட்டையைக் கதவைத் தொறந்து வழியனுப்பி வச்சீங்க. அது போய்க் குட்டி போட்டுச்சு. அப்பன் ஆத்தா மாதிரிதானே பிள்ளைங்களும் இருக்கும். அதுலயும் நீளமாப் பொறந்ததைப் பொறுக்கி எடுத்தீங்க. வருஷத்துக்கு மூணு நாலு தலைமுறை, பதினெட்டு வருஷம். கணக்குப் போட்டுக்குங்க."

"அப்போ எலிங்க நம்ம விதியைத் தெரிஞ்சுகிட்டு வாலைக் குறைச்சிக்கிச்சுன்னு சொல்றீங்களா?"

"எலிக்கு எப்படி மாப்பிள்ளை உங்க நாலாம் விதி தெரியும்? எந்த எலியும் எதையும் குறைச்சிக்கல. செத்தது செத்துச்சு, மிஞ்சினது மிஞ்சுச்சு. அவ்வளவுதான். இதுக்குப் பேரு இயற்கைத் தேர்வு. பத்தாம் வகுப்புப் பசங்களுக்கு நான் வருஷா வருஷம் பாடம் நடத்துறேன். இவ்வளவு சுத்தமான உதாரணம் எங்க பாடப் புத்தகத்துல இல்ல."

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினெட்டு வருஷம் ஒரு நூல் பிசகாமல் நான் அளந்தது எல்லாம் எலிக் குலத்துக்குப் பெண் பார்த்து, மாப்பிள்ளை பார்த்து, கல்யாணம் பண்ணி வைத்ததாக முடிந்திருக்கிறது. மச்சான் பேசாமல் போயிருக்கலாம். போகவில்லை. எல்லாவற்றையும் நாலு பக்கத்துக்கு எழுதி இயக்குநருக்கு மனுவாகக் கொடுத்துவிட்டார். பதக்க விழா நெருங்கும் நேரத்தில் இது பேப்பரில் வந்தால் வம்பு என்று நினைத்தாரோ என்னவோ, இயக்குநர் புதன்கிழமையே விசாரணைக்குக் கூப்பிட்டார்.

இயக்குநரின் அறையில் துறை அலுவலர்கள் பதினாலு பேரும் சுவரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். மச்சான் மேஜைக்கு எதிரே நின்று, வகுப்பில் சொல்வது போலவே பொறுமையாகச் சொல்லி முடித்தார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தத் தேர்வை நடத்தினது யாரு?"

"யாரும் நடத்தல சார். தானா நடந்தது."

"தேர்வுக் குழு?"

"இல்ல சார்."

"விண்ணப்பம் வாங்கினாங்களா?"

"எலிங்ககிட்டயா சார்?"

"குழு இல்ல, விண்ணப்பம் இல்ல, உத்தரவு இல்ல. ஆக, முறையில்லாத தேர்வு. முறையில்லாத தேர்வு செல்லாது. அதுல தேர்வான எலியும் செல்லாது" என்றார் இயக்குநர். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னொண்ணு. நீள வால் எலிகளை எங்க துறை அடியோட ஒழிச்சிட்டதா நீங்களே சொல்றீங்க, இல்லையா?" என்று கேட்டார்.

"அது உண்மைதான் சார், ஆனா..."

"போதும். அறிவியல் ஆசிரியரே ஒழிப்பை உறுதி செய்தார்னு எழுதிக்குங்க."

நான்தான் எழுதினேன்.

மச்சான் எங்கள் பதினாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். உங்களில் ஒருவர்கூட இத்தனை வருஷமாக இதைக் கவனிக்கவில்லையா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கவனித்தவர்கள் இருந்தார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு எலி பிடிப்பவர், "குட்டை வால் எலிகளும் முழு வளர்ச்சி அடைந்தவையே" என்று ஒரு குறிப்பு எழுதினார். இப்போது ஊருக்கு வெளியே துருப்பிடித்த பொறிகள் கிடக்கும் கொட்டகைக்குக் காவல் இருக்கிறார். விதியைத் திருத்தலாம் என்று சொன்ன மேலாளர் எங்கே போனார் என்று அவர் வீட்டுக்காரர்களுக்கே சரியாகத் தெரியாது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத இன்னும் ஏழெட்டுப் பேர் அப்படியே போனார்கள். மிஞ்சியவர்கள்தான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். புதிதாக ஆள் எடுக்கும்போதும் எங்களைப் போலவே இருக்கிறவர்களாகப் பார்த்துத்தான் எடுத்தோம்.

அப்போது கதவு திறந்தது. என் மனைவி உள்ளே வந்தாள். கையில் பொறி, பொறிக்குள் ஒன்று. நேரே போய் இயக்குநர் மேஜையின் கண்ணாடி மேல் வைத்தாள்.

"நாளைக்கு என் மில்லுக்குச் சீல் வைக்கப் போறாங்க. இது என் மில்லுல பிடிச்சது. இது என்னன்னு சொல்லுங்க" என்றாள்.

இயக்குநர் பதறவில்லை. அவர் பதறி நான் பார்த்ததில்லை. வால் அளவரைக் கூப்பிட்டார்.

பொறிக்காரர் அதைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டார். நான் பலகையைக் கொண்டுவந்து, வாலை அளவுகோல் மேல் நீட்டி வைத்தேன். உயிரோடு இருக்கும் வாலை அளப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. சூடாக இருந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அது எலி. எலி என்றால் துறை மில்லுக்கு வந்தாக வேண்டும், மில் பிழைக்கும். வெள்ளிக்கிழமை பதக்கம் போகும், சனிக்கிழமை நான் கொட்டகைக்குப் போவேன். ஆறு என்று பொய்கூடச் சொல்ல வேண்டாம். "அளவு எதுவானாலும் சார், இது எலிதான்" என்று உண்மையைச் சொன்னாலே போதும்.

"நாலே கால் அங்குலம்" என்றேன்.

"அளவைக் கேக்கல. இது என்னன்னு கேட்டேன்" என்றாள் அவள்.

"அளக்கிறது மட்டும்தான் என் வேலை" என்றேன்.

வெட்கமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொறிக்காரர் அதைத் திரும்பப் பொறிக்குள் விட்டதும், அவள் பொறியைத் தூக்கித் தரையில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டாள். அது வெளியே வந்து, ஒரு நிமிஷம் மீசையை ஆட்டிவிட்டு, நாற்காலிகளுக்கு அடியில் ஓடியது. இயக்குநர் உட்பட எல்லோருடைய கால்களும் ஒரே சமயத்தில் நாற்காலி மேல் ஏறின. பதினாலு பேரில் ஒருவர் வாயிலிருந்தும் அந்தச் சொல் வரவில்லை. அது கோப்பு அலமாரிக்குப் பின்னால் போய் மறைந்தது.

அவளும் அவள் அண்ணனும் மட்டும் தரையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் எங்கள் கால்களையே பார்த்தாள். ஏதோ ஒரு கணக்கு அவள் மனசில் ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், தெரியாதா?

"சரி சார். இது எலி இல்லன்னு எழுதிக் குடுங்க" என்றாள்.

இயக்குநருக்கு முகம் மலர்ந்தது. இதைவிடத் துறைக்கு என்ன பெருமை வேண்டும்? கால்களை இறக்காமலே உத்தரவு போட்டார். "மேற்படி மில்லில் காணப்படும் பிராணிகள் நேரில் அளந்து பார்க்கப்பட்டன. அவை எலிகள் அல்ல என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது." நான் தட்டச்சு செய்து, அளந்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை சுகாதார ஆய்வாளர் அரக்கும் நாடாவுமாக மில்லுக்கு வந்தார். அவள் சான்றிதழை நீட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார், முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மூட்டைக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். எலி நடமாட்டம் இருந்தால்தான் அவர் சீல் வைக்க முடியும். எலி இல்லாத இடத்தில் புழுக்கை கிடந்தால் என்ன செய்வது என்று அவருடைய விதியில் இல்லை. நோட்டீஸை ரத்து செய்து எழுதிக் கொடுத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

மில் அன்றைக்கே ஓடியது. மச்சானுக்குத்தான் மனசு ஆறவில்லை. ஆயிரம் வீட்டுக்குப் போகிற மாவு, அதில் என்னென்ன கலந்து போகிறதோ என்று தங்கையிடம் கேட்டார்.

"நீங்கதானே அண்ணே சொன்னீங்க, செத்தது செத்துச்சு, மிஞ்சினது மிஞ்சுச்சுன்னு. நான் மிஞ்சிட்டுப் போறேன்" என்றாள்.

அவர் அதற்கு அப்புறம் எங்கள் வீட்டில் பாடம் எடுப்பதில்லை.

வெள்ளிக்கிழமை விழா சிறப்பாக நடந்தது. இயக்குநர் பேச எழுந்தபோது மட்டும் மைக் வேலை செய்யவில்லை. கம்பியை ஏதோ கடித்திருந்தது. அறிக்கையிலும் "ஏதோ" என்றே எழுதினோம்.

அடுத்த மாதத்திலிருந்து மற்ற மில்காரர்களும் சான்றிதழ் கேட்டு வர ஆரம்பித்தார்கள். பிறகு சுகாதாரத் துறையே, அந்தச் சான்றிதழ் இல்லாமல் மில் நடத்த உரிமம் கிடையாது என்று ஆணை போட்டுவிட்டது. ஊர்க் கோடியில் ஒரு பெரியவர் மில் வைத்திருந்தார். அவர் சான்றிதழுக்கு வரவில்லை. மூன்று வாரம் மில்லை மூடி, பொந்துகளை எல்லாம் சிமெண்டு பூசி அடைத்து, தானே பொறி வைத்துப் பிடித்து, தரையைக் கழுவிச் சுத்தம் பண்ணினார். நான் அளக்கப் போனபோது அவர் மில்லில் அளப்பதற்கு ஒரு பிராணியும் கிடைக்கவில்லை. அளக்காமல் எப்படிச் சான்று கொடுப்பது? அவர் மில்லுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். இப்போது ஊரில் இருக்கிற எல்லா மில்லுக்கும் சான்றிதழ் இருக்கிறது, எல்லா மில்லும் நன்றாக ஓடுகிறது.

எங்கள் மில் மாவை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பதில் என் மனைவி கண்டிப்பாக இருக்கிறாள். பெற்ற பிள்ளைகளுக்கு அதைப் போடுவாளா? மூன்று தெரு தள்ளி இருக்கும் மில்லில் காசு கொடுத்து வாங்குகிறோம். மாவு வெள்ளை வெளேரென்று நன்றாகத்தான் இருக்கிறது. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழில் இருப்பது என் கையெழுத்து. போன வாரம் வாங்கப் போனபோது மில்காரர் கடையில் இல்லை. வீட்டுக்கு மாவு வாங்க எங்கள் மில்லுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.